ராம்பியன் விதை போட்டால் கிழங்கு தேறுமா?

கேள்வி: ராம்பியன், அதாவது கிழங்கும் இலையும் சாப்பிடுகிற காம்பனுலா ராபன்குலஸ் செடியின் விதை கொஞ்சம் வந்திருக்கிறது. தூசி மாதிரி இருக்கு, தும்மினால் போச்சு! எப்படி விதைப்பது? எப்போது தோண்டுவது?

பதில் 1: நான் வருஷாவருஷம் போடுகிறேன். விதையோடு காய்ந்த மணல் கலந்து தூவுங்க. மேலே மண் போட்டு மூடாதீங்க, முளைக்க வெளிச்சம் வேணும். தண்ணீரை ஊற்றாமல் தெளிங்க, இல்லேன்னா விதை அடிச்சுட்டுப் போயிடும். நாற்று நெருக்கமாக வந்தால் ஈவு இரக்கம் பார்க்காமல் கலைத்துவிடணும். விட்டுவைத்தால் கிழங்கு நூலாகத்தான் இருக்கும். இது இருபருவச் செடி. முதல் வருஷம் தரையோடு இலை மட்டும், மறுவருஷம் பூ. முதல் வருஷக் குளிர்காலத்தில் தோண்டுங்க. தண்டு எழும்பிவிட்டால் கிழங்கு நாராகிவிடும். பச்சையாகவே கடிக்கலாம், லேசான இனிப்பு. வேகவைத்தாலும் நல்லாத்தான் இருக்கும், ஆனால் அந்த மொறுமொறுப்பு போனபின் என்ன இருக்கு? இளம் இலை சாலட்டுக்கு.

பதில் 2: விதை எங்கிருந்து வந்தது? இதே குடும்பத்து காம்பனுலா ராபன்குலாய்டஸ்ங்கிற வேறு செடி வந்துவிட்டால், அது பரவி தோட்டமே அதுதான். அதுவும் சாப்பிடலாம், ஆனால் வேர்த் துண்டு மண்ணில் தங்கினாலே மறுபடி முளைக்கும்.

கேள்வி கேட்டவர்: ரெண்டுக்கும் வித்தியாசம்?

பதில் 1: பூத்தால் தெரியும். ராபன்குலாய்டஸில் தண்டின் ஒரே பக்கமாகப் பூ தொங்கும், ராம்பியனில் நிமிர்ந்து நிற்கும். அதனால் நீங்க போட்டதில் ஒன்றிரண்டு செடியைத் தோண்டாமல் பூக்க விடுங்க, விதையும் ஆச்சு. காட்டில் பூக்காத செடியைப் பார்த்து இதுதான்னு பிடுங்கிச் சாப்பிடாதீங்க.