முதல் ஆண்ட்ராய்டு போன் ஜி1: ஐபோனைப் பார்த்து அவசரத்தில் செய்ததா?

கதிர்_87 கேட்டது:

2008-இல் வந்த எச்டிசி ட்ரீம், அதாவது அமெரிக்காவில் டி-மொபைல் என்ற செல்போன் சேவைக் கம்பெனி ஜி1 என்று விற்றதுதான் கடைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் என்று தெரியும். ஆனால் அதன் படங்களை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. கீழே தாடை மாதிரி ஒரு பகுதி வளைந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. தொடுதிரை இருக்கிறது, திரையைத் தள்ளினால் அடியில் முழு கீபோர்டு, அதுவும் போதாதென்று உருட்டுவதற்கு ஒரு டிராக்பால். இவ்வளவையும் வைத்தவர்கள் ஹெட்போன் ஜாக்கை மட்டும் விட்டுவிட்டார்கள்! ஐபோன் கடைக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு இப்படி ஒன்றை ஏன் இறக்கினார்கள்?

யூடியூபில் ஆளாளுக்கு "ஐபோனைப் பார்த்துப் பயந்து அவசரமாகக் காப்பியடித்தார்கள்" என்கிறார்கள். நிஜமா? அப்புறம், அன்றைக்குக் காசு கொடுத்து இதை வாங்கியவர்கள் என்ன கண்டு வாங்கினார்கள்? பயன்படுத்திப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய சார்ஜர்:

காப்பி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது கதிர். ஆண்ட்ராய்டு 2003-இல் பாலோ ஆல்டோவில் ஆண்டி ரூபின், ரிச் மைனர், நிக் சியர்ஸ், கிறிஸ் வைட் என்று நாலு பேர் தொடங்கிய கம்பெனி, 2005-இல் கூகுள் வாங்கியது. அந்த நேரத்தில் கூகுளின் பயம் ஆப்பிள் மேல் இல்லை, மைக்ரோசாஃப்ட் மேல். கம்ப்யூட்டரைப் பிடித்த மாதிரி விண்டோஸ் மொபைலை வைத்து போனையும் அவர்கள் பிடித்துவிட்டால், கூகுள் தேடலை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை மைக்ரோசாஃப்ட் முடிவு செய்யும். அதைத் தடுக்கத்தான் இலவசமாகக் கொடுக்கக்கூடிய ஒரு மென்பொருள்.

ஆண்ட்ராய்டு குழுவின் கையில் இரண்டு போன்கள் இருந்தன, இரண்டும் தைவானின் எச்டிசியுடையவை. ஒன்றின் பெயர் சூனர்: பிளாக்பெர்ரி மாதிரி, கீழே கீபோர்டு, தொடுதிரை கிடையாது. அதுதான் முதலில் வர வேண்டியது. இரண்டாவது ட்ரீம்: தொடுதிரையும் உண்டு, தள்ளினால் வரும் கீபோர்டும் உண்டு. 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஐபோனைக் காட்டியதும் சூனரை ஓரம் கட்டிவிட்டு ட்ரீமை முன்னால் கொண்டுவந்தார்கள். ஆக ஐபோன் வந்ததால் முடிவு மாறியது, வரிசை மாறியது, ஆனால் தொடுதிரை யோசனை அதற்கு முன்பே கைவசம் இருந்தது. நீங்கள் கேட்கிற கீபோர்டும் டிராக்பாலும் அந்தப் பழைய திட்டத்திலிருந்து வந்தவை. இன்னொன்றையும் கவனியுங்கள், ஜி1 வெளிவந்தபோது ஆண்ட்ராய்டில் திரையில் தட்டும் கீபோர்டே இல்லை! அது 2009-இல் 1.5 கப்கேக் அப்டேட்டில்தான் வந்தது. வீடியோ எடுக்கும் வசதியும் அதே அப்டேட்டில்தான். அதுவரை ஒரு எஸ்எம்எஸ் அடிக்க வேண்டுமென்றாலும் திரையைத் தள்ளித்தான் ஆக வேண்டும்.

என்னைக் கேட்டால் ஜி1-க்கு ஐபோன் ஒன்றுவிட்ட அண்ணன்தான், பெற்ற தகப்பன் சைட்கிக். ரூபின் ஆண்ட்ராய்டுக்கு முன்னால் தொடங்கிய கம்பெனி டேஞ்சர், அவர்களுடைய ஹிப்டாப் போனை 2002-இலிருந்து டி-மொபைல் சைட்கிக் என்ற பெயரில் விற்றது. திரை சுழன்று விலக, அடியில் கீபோர்டு. மெயில், தொடர்பு எண்கள் எல்லாம் கம்பெனி சர்வரில் இருக்கும், போன் தொலைந்தாலும் புதுப் போனில் திரும்ப வந்துவிடும். ஜி1-ஐப் பாருங்கள்: ஜிமெயில் கணக்கைக் கொடுத்தால் மெயில், காலண்டர், எண்கள் எல்லாம் தானாக இறங்கும், கம்ப்யூட்டரில் கேபிள் மாட்ட வேண்டியதில்லை. அன்றைய ஐபோனுக்கோ ஐட்யூன்ஸ் இல்லாமல் பிழைப்பே இல்லை. விற்றதும் அதே டி-மொபைல். நிக் சியர்ஸ் அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர்தான். சொந்தபந்தம் தெளிவாகத் தெரிகிறது இல்லையா?

நந்தி மொபைல்ஸ்:

அண்ணன் சொல்வதெல்லாம் சரி, ஆனால் கூகுளை ரொம்பத்தான் காப்பாற்றுகிறீர்கள். 2007 நவம்பரில் ஆப் எழுதுபவர்களுக்காக முதல் எஸ்டிகே, அதாவது ஆப் எழுதும் கருவித் தொகுப்பு வந்ததே, அதை இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டரில் போன் மாதிரியே ஓடிக் காட்டும் எமுலேட்டரில் இருந்தது அசல் பிளாக்பெர்ரி சாயல். 2008 பிப்ரவரியில் அடுத்தது வந்தபோது முகமே மாறிவிட்டது. எதைப் பார்த்து மாறியது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவ்வளவு பார்த்தும், இரண்டு விரலால் கிள்ளிப் பெரிதாக்கும் வசதியை விட்டுவிட்டார்கள், அது வேறு கதை.

பழைய சார்ஜர்:

பார்க்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை நந்தி. பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் மேலிருந்து விரலால் இழுத்தால் நோட்டிஃபிகேஷன் எல்லாம் வரிசையாக இறங்குமே, அது ஜி1-லேயே இருந்தது. ஐபோனுக்கு அது வந்தது 2011-இல், ஐஓஎஸ் 5-உடன். அதை யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஓரமா_நிக்கறேன்:

வாங்கியவர்கள் என்ன கண்டு வாங்கினார்கள் என்று கேட்டீர்கள். நான் அப்போது நியூ ஜெர்சியில் இருந்தேன், பக்கத்து இருக்கை நண்பர் வெளிவந்த புதிதில் வாங்கிவிட்டார், வெண்கல நிறம். இரண்டு வருஷ ஒப்பந்தத்தோடு 179 டாலர். ஐபோனை விட இருபது டாலர்தான் குறைவு, அதனால் விலைக்காக வாங்கினார் என்று சொல்ல முடியாது. ஜிமெயிலிலேயே குடியிருக்கிற ஆள், அவ்வளவுதான் காரணம்.

அந்தத் திரை நேராகச் சரியாது, லேசாக வளைந்து மேலே போய் 'டக்' என்று நிற்கும். அந்தச் சத்தம் ஒரு போதை. மீட்டிங்கில் உட்கார்ந்தபடி திறந்து மூடி, திறந்து மூடி, பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். நானும் கடன் வாங்கித் தட்டிப் பார்த்தேன். ஐந்து வரிசைக் கீபோர்டு, எண்களுக்குத் தனி வரிசை. தாடை வலது பக்கம் நிற்கும், வலது கட்டைவிரல் அந்த மேட்டைத் தாண்டிப் போய்த்தான் எழுத்துகளைத் தொட வேண்டும். ஆனால் பிரௌசரில் பொடி எழுத்து லிங்க் மேல் துல்லியமாக நிற்க அந்த டிராக்பால் அருமை, விரலை விட அதுதான் நம்பகம்.

பத்திரிகை விமர்சனங்கள் கிட்டத்தட்ட ஒரே ராகம்தான்: மென்பொருள் நம்பிக்கை தருகிறது, உடம்பு சுமார். பேட்டரி வெறும் 1150 எம்ஏஎச், ஒரு நாள் ஓட்டுவதே பெரும்பாடு என்று எல்லாரும் எழுதினார்கள். ஹெட்போனை எச்டிசியின் சொந்த யுஎஸ்பி ஓட்டையில்தான் மாட்ட வேண்டும். ஆப் கடையில் முதலில் எல்லாமே இலவசம், காசு கொடுத்து வாங்கும் ஆப் வந்ததே 2009 பிப்ரவரியில்தான். 2008 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் நடந்த அறிமுகத்தில் கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான செர்கே பிரின், போனைத் தூக்கிப் போட்டால் எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது என்று அளக்கும் ஆப் ஒன்றைத் தானே எழுதியதாகச் சொன்னார். புதுப் போனை விற்க வந்த இடத்தில் அதைத் தூக்கிப் போடச் சொன்ன ஒரே முதலாளி அவராகத்தான் இருக்கும். விற்பனை மோசமும் இல்லை, 2009 ஏப்ரலில் அமெரிக்காவில் பத்து லட்சம் தாண்டியதாக டி-மொபைல் அறிவித்தது. ஐபோன் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் சிறிசுதான், ஆனால் பெயர் தெரியாத ஒரு புது மென்பொருளுக்கு அது ஏமாற்றம் இல்லை.

ரூட்_ராஜா:

ஜி1 பற்றிப் பேசிவிட்டு 'reboot' கதையைச் சொல்லாமல் எப்படி!

வெளிவந்து சில வாரத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். சாட்டில் நண்பருக்கு ஏதோ எழுதுகிறீர்கள், எண்டர் தட்டிவிட்டு ஆங்கிலத்தில் ரீபூட் என்று அடித்து மறுபடி எண்டர் தட்டினால் போன் சட்டென்று அணைந்து திரும்ப எழும். காரணம், போன் தொடங்கும்போதே பின்னால் ஒரு கட்டளைத் திரை முழு அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. சோதனைக்காக வைத்ததை எடுக்காமலேயே விட்டுவிட்டார்கள். கீபோர்டில் எதைத் தட்டினாலும் நீங்கள் திறந்திருக்கும் ஆப்புக்கு ஒரு பிரதி, அந்தக் கட்டளைத் திரைக்கு ஒரு பிரதி. விளையாட்டாகத் தோன்றும், ஆனால் வெளியிலிருந்து போனுக்குள் நுழைய வழிவிடும் டெல்நெட் சர்வரை இயக்கும் கட்டளையை அதே மாதிரி அடித்து, உள்ளே நுழைந்து போனை முழுசாக ரூட் செய்துவிட்டார்கள், அதாவது முழு அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். கூகுள் ஆர்சி30 என்ற அப்டேட்டில் ஓட்டையை அடைத்தது. அடைத்தால் என்ன, பழைய ஆர்சி29-ஐ மெமரி கார்டில் போட்டுத் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள்! ஆர்வலர்கள் மாற்றி எழுதிய ஆண்ட்ராய்டான சயனோஜென்மாட் வளர்ந்ததே இந்த ஜி1-இல்தான். அதிகாரபூர்வமாக 1.6 டோனட்டோடு நின்றுபோன போனில் அதற்குப் பிந்தைய ஆண்ட்ராய்டையும் 192 எம்பி ராமுக்குள் திணித்து ஓட்டினார்கள். வேகம் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள்.

கதிர்_87:

எல்லாருக்கும் நன்றி, சைட்கிக் விஷயம் எனக்குப் புதுசு. வெளிநாட்டு ஏல தளம் ஒன்றில் ஜி1 கிடக்கிறது, வாங்கி வைக்கலாமா? ஆன் ஆகிறது என்று போட்டிருக்கிறார்கள். அதில் தமிழ் தெரியுமா?

ரூட்_ராஜா:

தமிழ் கட்டம் கட்டமாகத்தான் வரும், அந்தக் காலத்து ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துருவே கிடையாது. அப்போது நம் ஆட்கள் எல்லாரும் ஒபேரா மினி பிரௌசரில் அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் தேர்வை 'யெஸ்' ஆக்கித்தான் தமிழ் வலைப்பதிவு படித்தோம்.

வாங்குவதற்கு முன் ஒன்றை விசாரியுங்கள்: முகப்புத் திரை வரை போகிறதா, இல்லை பச்சை ரோபோ படத்தைத் தொடச் சொல்லும் முதல் திரையிலேயே நிற்கிறதா? ஜி1 கூகுள் கணக்கு கேட்காமல் உள்ளே விடாது, அதுவும் சிம் வழி இன்டர்நெட்டில். 2021 செப்டம்பரோடு 2.3.7 வரையிலான பழைய ஆண்ட்ராய்டுகளில் கணக்குச் சேர்ப்பதையே கூகுள் நிறுத்திவிட்டது. ரீசெட் செய்த போன் என்றால் அந்த ரோபோவோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்தத் திரையில் இடது மேல் மூலையில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் நாலு மூலையையும் தொட்டால் சில பதிப்புகளில் தாண்டிவிடும், விற்பவரை முதலில் அதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பின்மூடியைக் கழற்றி ஒரு படமும் கேட்டு வாங்குங்கள்.