எங்க வீட்டு குரூப்: மேற்கால கொல்லை கரும்பு எப்ப வெட்டறது

பெரியப்பா: வெட்டு மேஸ்திரி போன் பண்ணாரு. பொங்கலுக்கு முன்னாடியே ஆளு கூட்டிட்டு வரேன்றாரு. மேற்கால கொல்லைய முடிச்சிடலாம்னு பாக்கறேன், ஆலைல வெட்டறதுக்கு அனுமதி, அதான் கட்டிங் ஆர்டர், கேட்டு வாங்கிட்டா போதும். என்ன சொல்றீங்க எல்லாரும்

சித்தப்பா: அண்ணே அது பிப்ரவரி கடைசி நடவு. 86032 ரக கரும்பு, 11 மாசமாவது நிக்கட்டும்

பெரியப்பா: இந்த ஆள விட்டா திரும்ப எப்படா கிடைக்கும்

அக்கா: பெரியப்பா நேத்து சாயங்காலம் நானும் தம்பியும் சாறுல இனிப்பு எவ்ளோன்னு காட்டற பிரிக்ஸ் மீட்டர் எடுத்துட்டு போயி பாத்தோம், அடிக்கணுல 20 காட்டுது, நுனில 14 தான். நாலு மூலைலயும் எடுத்தோம் எல்லாம் அதே கதை. முத்துன கரும்புன்னா அடியும் நுனியும் கிட்டத்தட்ட ஒண்ணா வரணும். மழைல தண்ணி நின்னு இன்னும் பச்சையா வளந்துட்டு இருக்கு, இனிமே தான் ராத்திரி குளிரும் பகல் வெயிலுமா சர்க்கரை ஏறுற நேரமே, இப்ப போயி வெட்டணும்றீங்களே

பாண்டி அத்தை: பொங்கலுக்கு கடைத்தெருவுல விக்கிறாங்களே அது மட்டும் இப்ப வெட்டறாங்க?

அக்கா: அது பன்னீர்க்கரும்பு அத்தை, கடிச்சி திங்கறது. பொங்கல் தேதிய கணக்கு பண்ணியே நடுவாங்க, ஆலைக்கு போவாது

பெரியப்பா: எனக்கு எடைக்கு தானம்மா காசு. சர்க்கரை ஏறுனா ஆலைக்கு லாபம், எனக்கென்ன

அக்கா: வெலையே ரெக்கவரிய, அதாவது கரும்புலேந்து எத்தனை சதவீதம் சர்க்கரை எடுக்கறாங்கன்றத வச்சி தான் பெரியப்பா. 2025-26க்கு சென்ட்ரல் கவர்மென்ட் போட்ட வெலை 10.25 சதவீதம் ரெக்கவரிக்கு குவிண்டால் 355 ரூபா, 9.5க்கு கீழ போச்சுன்னா 329 ரூபா 5 பைசா. டன்னுக்கு பாத்தா கிட்டத்தட்ட 260 ரூபா வித்தியாசம். உங்க ஒரு கொல்லைக்குன்னு தனியா பாக்க மாட்டாங்க ஆலை மொத்தத்துக்கும் தான், ஆனா ஊரே எளங்கரும்பா ஏத்துனா அந்த சதவீதம் எங்கேந்து வரும். எடையும் இன்னும் ஏறும், இப்ப வெட்டுனா அது உங்களுக்கு தான் நஷ்டம்

பண்ருட்டி மாமா: பாப்பா சொல்றது சரி. ஆனா ரொம்பவும் விடக்கூடாது. எங்க பக்கத்து கொல்லைல ஆர்டர் தள்ளிப்போயி மே வரைக்கும் நின்னுச்சு, பூ எடுத்து உள்ள சாறு வத்தி நெட்டி விழுந்து பாதி சாஞ்சி போச்சு, எடையும் இல்ல சாறும் இல்ல. பாக்கவே மனசு ஆறல

சித்தப்பா: தண்ணி எப்ப நிறுத்தறது?

அக்கா: வெட்டறதுக்கு 2, 3 வாரம் முன்னாடி சித்தப்பா. இப்பவே நிறுத்திட வேணாம் காஞ்சிடும். யூரியா மட்டும் இனிமே ஒரு பிடி கூட போடாதீங்க, முத்தறது தள்ளிப்போவும்

பாண்டி அத்தை: கரும்புல காஞ்ச இலை, அந்த சோகைய கொளுத்திட்டு வெட்டுனா கூலி கம்மின்றாங்களே

அக்கா: வேணவே வேணாம் அத்தை. கொளுத்துன கரும்பு சீக்கிரம் கெட்டுடும். சும்மா வெட்டுனதே 24 மணி நேரத்துக்குள்ள அரவைக்கு போவணும், கெடக்க கெடக்க எடையும் கொறையும், உள்ள இருக்குற சர்க்கரையும் உடைஞ்சி போயிடும், அப்புறம் அது சர்க்கரையா ஒறையாது. அதான் லாரி வர்ற நேரம் தெரியாம ஆளை எறக்காதீங்கன்னு சொல்றேன்

பண்ருட்டி மாமா: மண்ணோட ஒட்ட வெட்ட சொல்லுங்க மச்சான். அடிக்கணுல தான் இனிப்பே. ஒரு சாண் கட்டை விட்டா அதுவும் போச்சு, வெட்டுன கட்டைலேந்து திரும்ப வர்ற மறுதாம்பும் மேலேந்து மொளச்சி வேர் புடிக்காது

பெரியப்பா: அதெல்லாம் சரி மாப்ள, மேஸ்திரிக்கு என்ன பதில் சொல்றது

தம்பி: பெரியப்பா கிழக்கால கொல்லை மறுதாம்பு தானே, அது ஒரு மாசம் முன்னாடியே முத்திடும். நேத்து அங்கயும் பாத்தோம், அடில 21 நுனில 20. ஆளை அங்க எறக்குங்க

பெரியப்பா: இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா. சரி காலைல ஆலை பீல்டுமேன பாத்து கிழக்கால கொல்லைக்கு ஆர்டர் கேக்கறேன், லாரியும் கையோட பேசிடறேன். மேற்கால கொல்லைய பிப்ரவரில திரும்ப ஒரு தடவ பாப்போம், மீட்டரை வீட்லயே வச்சிட்டு போங்க