மறு: இன்சிடென்டல் மியூசிக்: ‘பின்னணி இசை’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

> தம்பி எழுதியது: அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர் ஹாரி நில்சனைப் பற்றி ஒரு கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய அமெரிக்க சிட்காம் (தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்) ஒன்றுக்கு அவர் செய்த ‘இன்சிடென்டல் மியூசிக்’, அதாவது கதையோடு சேர்ந்து நடுநடுவே வரும் இசை பற்றி ஒரு பத்தி இருக்கிறது. பின்னணி இசை என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடலாமா?

நகரலாம் தம்பி, யாரும் சட்டையைப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் இந்த மனிதர் விஷயத்தில் அந்தச் சொல் இடிக்கிறது. தமிழில் ‘பின்னணி’ என்றதும் பின்னணிப் பாடகர்தான் நினைவுக்கு வருகிறார். ‘நில்சன் பின்னணியில் பாடினார்’ என்று எழுதிப் பாருங்கள். அந்தத் தொடரில் அப்பாவாக நடித்த பில் பிக்ஸ்பி வாயசைக்க, நில்சன் குரல் கொடுத்தார் என்றே நம் வாசகர் எடுத்துக்கொள்வார்.

அங்கே நடந்தது வேறு. ‘தி கோர்ட்ஷிப் ஆஃப் எட்டீஸ் ஃபாதர்’ ஏபிசி தொலைக்காட்சியில் 1969 முதல் 1972 வரை, 73 பகுதிகள் ஓடியது. மனைவியை இழந்த அப்பா, அவருக்கு மறுபடி ஒரு துணை தேடும் சின்னப் பையன், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஜப்பானியப் பெண்மணி ஒருவர். (அவராக நடித்த மியோஷி உமெகி அதற்கு முன்பே ஆஸ்கர் வாங்கியவர்.) ‘பெஸ்ட் ஃபிரெண்ட்’ என்ற முகப்புப் பாடலை எழுதிப் பாடியவர் நில்சன். ‘கேர்ள்ஃபிரெண்ட்’ என்று தான் முன்பு எழுதி வைத்திருந்த பாட்டின் சொற்களை மாற்றி, காதலி இருந்த இடத்தில் மகனை உட்கார வைத்துவிட்டார். அது கொஞ்சம் பேருக்காவது தெரியும்.

தெரியாதது, கதை ஓடும்போது நடுநடுவே வரும் துணுக்குகள். தொடரின் இசைப் பொறுப்பு ஜார்ஜ் டிப்டனுடையது. நில்சனின் முதல் ஆல்பங்களுக்கு வாத்தியம் அமைத்தவரும் அவரே. டிப்டனின் இசைக்குள் நில்சனின் குரல் சில விநாடி நுழைந்து, திரையில் நடப்பதைப் பற்றி ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போய்விடும். நடிகர் யாரும் வாயசைப்பதில்லை, முழுப் பாட்டும் கிடையாது. இன்னொரு வேடிக்கை: நில்சனுக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்த ‘எவ்ரிபடிஸ் டாக்கின்’, ‘வித்தவுட் யூ’ இரண்டுமே பிறர் எழுதியவை. பாடலாசிரியர் என்று கொண்டாடப்பட்டவர், சொந்தமாக எழுதியதில் ஒரு பகுதியை இப்படி விநாடிக் கணக்கில் ஒரு சிட்காமுக்குள் தூவிவிட்டிருக்கிறார்.

> மதுரை ஐயா எழுதியது: தொழிலில் இருப்பவர்களே ‘பேக்ரவுண்ட்’ என்றுதானே சொல்கிறார்கள்? நம் சினிமாக்காரர்களுக்கு ஆர்.ஆர். (ரீ-ரெக்கார்டிங்), ரசிகர்களுக்கு பிஜிஎம். புதுச்சொல் எதற்கு?

ஐயா சொல்வதில் பாதி சரி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒவ்வொரு பகுதிக்கும் ‘கியூ ஷீட்’ என்று ஒரு பட்டியல் போடுவார்கள். எந்த இசை, யார் எழுதியது, எத்தனை விநாடி, முகப்பா பின்னணியா, வாத்தியமா குரலா என்றெல்லாம் அதில் இருக்கும். இசையமைப்பாளருக்கு உரிமைத்தொகை போவது அதைப் பார்த்துத்தான். அந்தக் கணக்குக்குப் ‘பின்னணி’ போதும்.

ஆனால் இன்சிடென்டல் என்ற சொல் சினிமாவுக்கு முந்தியது, நாடக மேடையிலிருந்து வந்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்துக்கு 1842-இல் எழுதியதில் ஒரு துண்டுதான், சர்ச் கல்யாணங்களில் மணமக்கள் வெளியே வரும்போது வாசிக்கும் அந்த மார்ச். நாடகத்தில் அது நான்காம் அங்கத்துக்கும் ஐந்தாம் அங்கத்துக்கும் இடையில் வருகிறது. அப்போது மேடையில் பேச்சே இல்லை. எதற்குப் பின்னணி? அந்த நேரத்தில் இசைதான் முன்னால் நிற்கிறது.

சரி, மாற்று என்ன? இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘இடையிசை’ அழகாக இருக்கிறது, ஆனால் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இன்டர்லூடுக்கு அதை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. ‘துணையிசை’ என்றால் பக்கவாத்தியம் என்று தோன்றும். ‘நிகழ்விசை’ கச்சேரி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. அக்கா சொன்ன ‘பின்பாட்டு’ என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர் ஆட்டத்துக்கு வெளியே இருந்தபடி குரல் கொடுப்பவர். நில்சனின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் கூத்தாடி பாடியதை எடுத்துப் பாடுவது பின்பாட்டு. இங்கே யாரும் பாடவில்லை. குரலே இல்லாத துணுக்குகளுக்கும் அது பொருந்தாது.

என் பரிந்துரை: ஊடிசை. ஊடு + இசை. தென்னைக்கு நடுவே வாழை வைப்பதை ஊடுபயிர் என்கிறோமே, அந்த ஊடு. தோப்பு தென்னந்தோப்புதான், இடைவெளியில் வளர்வது வேறொன்று. கதைக்கும் இந்த இசைக்கும் அதே உறவு. பாடி வந்தால் ஊடுபாட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதோடு இன்னொன்று. ஒரு காட்சி சட்டென முடியும்போது ‘டட்-டாங்’ என்று வருமே, ஆங்கிலத்தில் ‘ஸ்டிங்’ என்பார்கள். அதற்குக் ‘கொட்டு’ என்பதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழியில் கிடைக்குமா தெரியவில்லை. தேளும் கொட்டும், மேளமும் கொட்டும்.

---

மதுரை ஐயா எழுதியது:

கொட்டுக்கு என் ஓட்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் அந்தரக்கொட்டு வருகிறது, நினைவிருக்கட்டும். ஆனால் ஊடிசை? வினைத்தொகையாகப் பிரித்தால் ஊடுகின்ற இசை. தலைவி கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியபின் வாசிப்பது போலல்லவா இருக்கிறது! அதற்கு ‘அந்தர இசை’யே மேல்.

---

ஐயா, அந்தரக்கொட்டு ஆட்டம் தொடங்குமுன் கொட்டுவது. அதை ஓவர்ச்சருக்கு (நாடகம் தொடங்குமுன் வாசிக்கும் இசைக்கு) எடுத்து வைப்போம், வீணாக்க வேண்டாம். அப்புறம், இன்றைய பேச்சில் ‘அந்தரத்தில் விட்டுவிட்டான்’ என்றால் நல்ல பொருள் இல்லையே.

ஊடல் இடிப்பது உண்மைதான், எனக்கும் முதலில் உறைத்தது. ஆனால் ஊடகம், ஊடுகதிர், ஊடுபயிர் எல்லாம் புழங்குகின்றன. எக்ஸ்ரே எடுக்கப் போகிறவர் யாரும் தலைவியை நினைப்பதில்லை.

---

தம்பி எழுதியது:

நன்றி. முதல் இடத்தில் ‘காட்சிகளின் ஊடே வரும் இசை, அதாவது ஊடிசை’ என்று எழுதிவிட்டேன், அடுத்த வரியிலிருந்து வெறும் ஊடிசை. டிப்டனின் பெயரையும் சேர்த்தாயிற்று, முதல் வரைவில் விட்டுப்போயிருந்தது. சிட்காமுக்கு என்ன போடுவது?

---

அதற்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி. இங்கே கேட்டால் பொங்கல் வரை ஓடும். என்னைக் கேட்டால் சிட்காம் சிட்காமாகவே இருக்கட்டும்.