ஹாலோ பாயிண்ட் குண்டுக்குத் தமிழ்: குழிமுனையா, புழல்தலையா?

தக்கலை, திங்கள் இரவு

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களுக்காக ஒரு வேட்டைப் பாதுகாப்புக் கையேட்டை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை கொடுத்தாக வேண்டும். மற்ற அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடுகிறவர் எந்தத் தோட்டாவை எடுக்க வேண்டும் என்ற அத்தியாயத்தில் மூன்று நாளாக நிற்கிறேன்.

கையேடு நான்கு வகைக் குண்டுகளைப் பிரிக்கிறது. ஃபுல் மெட்டல் ஜாக்கெட்டில் ஈயத்தைச் செம்பு மூடியிருக்கும். அது மானுக்கு ஆகாது. ஊசிபோல் புகுந்து மறுபக்கம் போய்விடும், மான் காயத்தோடு காட்டுக்குள் ஓடி எங்கோ கிடந்து சாகும். சாஃப்ட் பாயிண்டில் நுனி ஈயம் மட்டும் வெளியே தெரியும். ஹாலோ பாயிண்டில் நுனியில் ஒரு குழி, உடம்பில் பட்டதும் விரியும். ஹார்ட் காஸ்ட் என்பது வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து வார்த்த கெட்டி ஈயம். அது விரியாது, ஆனால் தட்டை மூக்கோடு ஆழமாக இறங்கும்.

நான்கையும் வெறுமனே 'குண்டு' என்று எழுதினால் படிக்கிறவர் தவறானதை வாங்கிவிடுவார். ஹாலோ பாயிண்டுக்கு 'உள்ளீடற்ற முனைக் குண்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

நாகர்கோவில், திங்கள் இரவு

தம்பி, ஹாலோ பாயிண்ட் என்றே எழுதிவிடுங்கள். அவர் கடைக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கப் போகிறார். பெட்டியிலும் ஜே.எச்.பி. (ஜாக்கெட்டட் ஹாலோ பாயிண்ட்) என்றுதான் போட்டிருக்கும். தமிழ்ப் பெயரைப் படித்துவிட்டு அதை மனத்துக்குள் திருப்பி ஆங்கிலமாக்கிக் கேட்க வேண்டும் என்றால், அந்தப் பெயரால் அவருக்கு என்ன பயன்?

அதைவிட முக்கியம், தோட்டாவையும் குண்டையும் குழப்பாதீர்கள். பித்தளைக் கூடு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்க அடியில் உள்ள கேப்பு, முன்னால் இருக்கும் ஈயம் எல்லாம் சேர்ந்தது தோட்டா. பறந்து போகிற ஈயம் மட்டும்தான் குண்டு. நம் மாவட்டத்தில் பாறை உடைக்கிறவர்களுக்குத் தோட்டா என்றால் பாறைக்கு வைக்கும் வெடி. ஈழத்தில் குண்டை 'ரவை' என்பார்கள், நல்ல சொல். ஆனால் இங்கே ரவை என்றால் உப்புமாதான் நினைவுக்கு வரும்.

பூதப்பாண்டி, செவ்வாய் காலை

நாகர்கோவில் அண்ணாச்சி சொல்வதை ஏற்க முடியவில்லை. கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்பது வாங்குகிறவன் கவலை. தமிழில் அந்தப் பொருளை எப்படி நினைப்பது என்பது நம் கவலை.

புறநானூறு 152-ஐ எடுத்துப் பாருங்கள். வல்வில் ஓரி விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்துகிறது, புலியைக் கொல்கிறது, மானை உருட்டுகிறது, பன்றியைச் சாய்க்கிறது, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தங்குகிறது. அந்த மானை வன்பரணர் எப்படிச் சொல்கிறார்? 'புழற்றலைப் புகர்க்கலை'. புழல் என்றால் உள்ளே துளை உடையது. துளை பொருந்திய கொம்புடைய தலை, புள்ளி உடைய கலைமான். நமக்குத் தேவையான சொல் இரண்டாயிரம் ஆண்டாக ஒரு மான் வேட்டைப் பாட்டுக்குள்ளேயே காத்துக் கிடக்கிறது. ஹாலோ பாயிண்ட் என்றால் புழல்தலைக் குண்டு. இதைவிட என்ன வேண்டும்?

புழல், புழை, புகுபுழை என்று ஒரே வேர்க் கூட்டம். யானையின் துதிக்கைக்குப் 'புழைக்கை' என்று பெயர் வந்ததும் அந்தத் துளையால்தான். மலையாளத்தில் ஆற்றைப் புழ என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

மார்த்தாண்டம், செவ்வாய் மதியம்

ஐயா, பாட்டு அழகு. சொல் பொருந்தவில்லை. நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள், அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஓரியின் அம்பு நான்கு உயிரை ஊடுருவிப் போய் ஐந்தாவதில்தான் தங்குகிறது. ஹாலோ பாயிண்டைச் செய்வதே அப்படி ஊடுருவிப் போகாமல் இருக்கத்தான். குழிக்குள் சதையும் நீரும் புகுந்து அழுத்தி விளிம்பை வெளியே மடக்குகின்றன. குண்டு அகலமாகிறது, வேகம் குறைகிறது, சக்தி மானின் நெஞ்சுக்குள்ளேயே இறங்குகிறது. ஓரியின் அம்புக்கு இன்றைய உறவு என்றால் ஹார்ட் காஸ்ட்தான். இன்னொன்று, இன்றைக்குப் புழல் என்றால் தமிழ்நாடு முழுக்கச் சிறையும் ஏரியும்தான்.

பொருளின் வேலையைச் சொல்லும் பெயர் வேண்டும். நான் 'விரிமுனை' என்பேன்.

குலசேகரம், செவ்வாய் இரவு

டீச்சர், குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். விரிமுனை என்றால் சாஃப்ட் பாயிண்டும் அதுதானே? அதுவும் பட்டதும் கூண் மாதிரி விரியும். (கிழக்கே உள்ளவர்களுக்கு: கூண் என்றால் காளான்.) தம்பி நான்கையும் பிரிக்கத்தான் சொல் கேட்கிறார். விரிவது இரண்டுக்கும் பொது. குழி ஒன்றுக்குத்தான். ஆகவே பார்த்தால் தெரிகிற குறியை வைத்துக் 'குழிமுனை' என்றும், மற்றதை 'மென்முனை' என்றும் சொல்லலாம்.

நான் பேச்சிப்பாறைப் பக்கம் வளர்ந்தவன். சின்ன வயதில் மலையடிவாரத்தில் ஒரு மிளாவை, அதாவது கடமானைப் பார்த்தேன். யாரோ திருட்டுத்தனமாக நாட்டுத் துப்பாக்கியால் சுட்டிருந்தார்கள். ஈயத் துண்டு வயிற்றில் பட்டு, இரண்டு நாள் கழித்து ஓடைக்கரையில் கிடந்தது. அப்போதும் மூச்சு இருந்தது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைத் தடுத்திருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் சட்டம் அனுமதிக்கிற ஊரில் ஒருவன் சுடத்தான் போகிறான் என்றால், சரியான குண்டை நுரையீரலும் இதயமும் இருக்கும் இடத்தில் போட வேண்டும். அந்த அத்தியாயத்தில் தம்பி ஒரு சொல்லையும் மங்கலாக விடக்கூடாது.

தக்கலை, புதன் காலை

அண்ணன் சொன்ன மிளாவை நினைத்துக்கொண்டேதான் நேற்று இரவு அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தேன். கையேடும் அதையே அழுத்திச் சொல்கிறது. 1935-இல் வந்த .357 மேக்னம், 1955-இல் வந்த .44 மேக்னம் என்ற கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் இரண்டையும் அது பேசுகிறது. .357-இல் 125 கிரெயின் எடையுள்ள குழிமுனை தற்காப்புக்காகச் செய்தது, சீக்கிரம் விரிந்து மேலோட்டமாக நின்றுவிடும். மானுக்கு 158 அல்லது அதற்கு மேல் வேண்டும். .44-இல் 240 கிரெயின், அதாவது ஏறக்குறைய 15.5 கிராம். தூரம் 50 கஜம், கை தேர்ந்தவருக்கும் 100 கஜத்துக்கு மேல் வேண்டாம். ஆகவே குழி இருந்தால் மட்டும் போதாது, எடையும் பார்க்க வேண்டும். கிரெயினுக்கும் ஒரு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொரு சங்கடம். துப்பாக்கியின் அளவைக் குறிக்கும் காலிபரை 'விட்டம்' என்று எழுதினேன். .44 மேக்னம் குண்டின் உண்மையான விட்டம் 0.429 அங்குலம். .38 ஸ்பெஷல் குண்டு 0.357. விட்டம் என்றால் அது பொய்யாகிவிடுகிறது.

பூதப்பாண்டி, புதன் காலை

கிரெயினுக்கு மணி. நெல்மணி என்கிறோமே. 240 மணிக் குண்டு. அதற்கும் முன்னால் நம்மிடம் குன்றிமணியும் மஞ்சாடியும் இருந்தன. தட்டார் பொன் நிறுத்த எடைகள். குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின்.

மார்த்தாண்டம், புதன் மதியம்

நெல்மணி ஒன்று 25 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். கிரெயின் 64.8 மில்லிகிராம், அது பார்லி மணியை வைத்து வந்தது. மணி என்பதைக் குன்றிமணி என்று எடுத்துக்கொண்டு ஒருவர் வெடிமருந்தை நிறுத்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். அளவுச் சொல்லில் விளையாட வேண்டாம், கிரெயின் கிரெயினாகவே இருக்கட்டும். காலிபரும் அப்படியே. அது அளவாகத் தொடங்கிப் பெயராகிவிட்டது.

விரிமுனையை நான் விட்டுவிடுகிறேன், குலசேகரத்தார் சொன்னது சரி. ஆனால் 'விரிகுண்டு' என்ற பொதுப்பெயராக அதை வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும். கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதச்சாலையில் 1890-களில் செய்த குண்டுகளை ஒட்டித்தான் 1899 ஹேக் பிரகடனம் விரியும் குண்டுகளைப் போரில் விலக்கியது. மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கியதையே மானுக்கு இரக்கம் என்று கையேடு கேட்கிறது. காயப்பட்ட சிப்பாயைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தியம் பார்க்க ஆள் உண்டு. காயப்பட்ட மானுக்கு யாரும் இல்லை. அந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பில் ஒரு வரி சேர்த்தாலும் நல்லது.

நாகர்கோவில், புதன் இரவு

சரி, தமிழ்தான் என்றால் எல்லாருக்கும் புரிவதாக இருக்கட்டும். குழிமுனைக்கு என் ஓட்டு, முதல் இடத்தில் மட்டும் ஹாலோ பாயிண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். ஹார்ட் காஸ்டுக்குக் 'கடுவார்ப்பு'. வார்ப்பு நமக்கு அந்நியமான சொல் இல்லை. தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டையில்தான் திருவிதாங்கூர்ப் படைத்தளபதி டிலனாய் காலத்தில் பீரங்கி வார்த்தார்கள். ஜாக்கெட்டுக்கு 'உறை' போடாதீர்கள், பித்தளைக் கூட்டையும் பலர் உறை என்கிறார்கள். 'சட்டை' போதும். முழுச்சட்டைக் குண்டு.

பூதப்பாண்டி, வியாழன் காலை

சட்டை! பாம்பு உரிப்பதும் சட்டைதான், அதனால் இதை ஏற்கிறேன். குழிமுனையை ஏற்கவில்லை. குழி என்றால் தரையில் தோண்டியது, மேலே பார்த்துக் கிடப்பது. குண்டின் நுனியில் இருப்பது முன்னோக்கிய துளை. அதற்குத்தான் புழல் என்று பெயர். புரியாது என்கிறீர்கள். கணினி என்ற சொல்லும் வந்த நாளில் யாருக்கும் புரியவில்லை. ஏரியும் சிறையும் இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லைக் கைவிட்டால், ஊர்ப்பெயர்களுக்குள் இருக்கிற பழந்தமிழ் முழுவதையும் கைவிட வேண்டிவரும்.

தக்கலை, வியாழன் இரவு

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. எழுதியவர்களில் மூன்று பேர் குழிமுனை பக்கம் இருக்கிறார்கள், புழல்தலைக்கு ஐயா ஒருவர்தான். குழிமுனை, மென்முனை, கடுவார்ப்பு, முழுச்சட்டை என்று எழுதி முடித்துவிட்டேன். கிரெயினும் காலிபரும் அப்படியே. டீச்சர் சொன்ன ஹேக் வரியை அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். காலையில் அனுப்புகிறேன்.

பூதப்பாண்டி, வியாழன் இரவு

கோபம் இல்லை தம்பி. அனுப்புங்கள். கையேட்டின் கடைசியில் சொல்லடைவு இருக்கும் அல்லவா, அதில் குழிமுனைக்கு எதிரே 'புழல்தலை என்றும் கூறுவர்' என்று ஒரு வரி போட இடம் இருக்குமா? நான் ஒருவன் கூறுகிறேனே.

மஞ்சாடி எடை பற்றி ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.