வாட்ச் டாக்ஸ்: யார் பணத்தில் கோட் வாங்கினீர்கள்?

செந்தூலிலிருந்து

வாட்ச் டாக்ஸ் முதல் பாகத்தை இப்போதுதான் இரண்டாம் முறை முடித்தேன். 2014-இல் வந்த வீடியோ விளையாட்டு. கோலாலம்பூர் லோயாட் பிளாசா கடைத்தொகுதியில் யாரோ விற்றுவிட்டுப் போன டிஸ்க்காகக் கிடைத்தது. இரண்டு முறையும் நான் காசு சேர்த்த விதம் முற்றிலும் வேறு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விளையாடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சிகாகோ நகரம் முழுவதையும் சிடிஓஎஸ் என்ற கணினி அமைப்பு பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் நாயகன் ஏய்டன் பியர்ஸ் தன் கைத்தொலைபேசி வழியாக அதற்குள் நுழைகிறான். தெருவில் யாரைப் பார்த்தாலும் பெயர், வயது, வேலை, வருமானம் திரையில் வரும். கூடவே அந்த ஆளைப் பற்றி ஒரே ஒரு வரி. ஒருவருக்கு நோய், ஒருவருக்கு விவாகரத்து, ஒருவர் சூதாட்டத்தில் மாட்டியவர். வங்கிக் கணக்கு சிக்கக்கூடிய ஆளாக இருந்தால் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பணம் உடனே கைக்கு வராது. ஏடிஎம்முக்கு நடந்து போய் எடுக்க வேண்டும்.

முதல் முறை அந்த ஒரு வரியை நான் படிக்கவே இல்லை. திறன்களில் ஒன்றை வாங்கிவிட்டால், எடுக்கத் தகுந்த ஆட்களை நீல நிறத்தில் காட்டும். நீலம் தெரிந்தால் அழுத்துவேன், அவ்வளவுதான். பத்து நிமிடம் நடந்தால் பை நிறைந்துவிடும். அப்புறம் அதை என்ன செய்வது என்று தெரியாது. துப்பாக்கிக் கடை இருக்கிறது, ஆனால் விழுந்த எதிரிகளிடமிருந்தே நிறைய எடுத்துக்கொள்ளலாம். துணிக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதே நீள கோட்டும் தொப்பியும்தான், நிறமும் துணியும் மட்டும் மாறும். போட்டால் கூடுதல் பலம் எதுவும் வராது. காசு கொடுத்ததற்குப் பலன் தெரிகிற இடம் என்றால் அடகுக் கடைதான். ஊரை இருட்டாக்குவது, போலீஸ் தொடர்பைக் குழப்புவது போன்றவற்றுக்கு வேண்டிய உதிரிகள் அங்கே கிடைக்கும். போலீஸ் துரத்தும்போது அவைதான் உயிர் காக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் துணிக்கடைக்குள் போகும்முன் அடகுக் கடைக்குப் போங்கள்.

இரண்டாம் முறை தொடங்குவதற்குச் சில மாதம் முன்னால், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, எங்கள் அம்மாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவன் தன்னைப் போலீஸ் அதிகாரி என்று சொல்லிக்கொண்டான். அம்மாவின் முழுப் பெயர், அடையாள அட்டை எண், எங்கள் வீட்டு முகவரி எல்லாம் சரியாகச் சொன்னான். ‘இவ்வளவு தெரிஞ்சவன் போலீஸ் இல்லாம வேற யாருப்பா?’ என்று அம்மா பிறகு என்னிடம் கேட்டார். 6,200 வெள்ளி (ரிங்கிட்) போனது. பண்டிகைத் துணிக்கும், தங்கச்சியின் கல்லூரிக்கும் ஒதுக்கி வைத்த காசு. இப்படி நடந்தால் உடனே மோசடிப் புகாருக்கான 997-க்கு அழைக்க வேண்டும் என்பதே எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. 2022-இல் தொடங்கிய எண். இதைப் படிக்கிறவர்கள் இப்போதே அம்மா அப்பாவின் தொலைபேசியில் சேமித்து வையுங்கள்.

அதற்கப்புறம் அந்த விளையாட்டைப் போட்டபோது, முதல் தெருவிலேயே கை நின்றுவிட்டது. திரையில் ஒரு பெண், வயது அறுபதுக்கு மேல், சொற்ப வருமானம். பெயர், வேலை, குணம் எல்லாம் கணினி கலந்து போடுவதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அழுத்த முடியவில்லை. அன்று அழைத்தவன் திரையில் அம்மா எப்படித் தெரிந்திருப்பார்? எந்த வரி வந்திருக்கும்?

அந்த முறை முழுக்க ஒவ்வொரு வரியையும் படித்தேன். மற்றவர்களை ஏமாற்றிப் பிழைக்கிறவர், அடித்துத் துன்புறுத்துகிறவர் என்று தெரிந்தால் மட்டும் எடுத்தேன். காசு குறைவாகத்தான் இருந்தது. உதிரி வாங்கும்போது யோசித்து வாங்கினேன், தெருவில் கிடைத்ததைப் பொறுக்கினேன். சொல்லப்போனால் விளையாட்டு அப்போதுதான் சூடு பிடித்தது. இன்னொன்றையும் கவனித்தேன். கதை தொடங்குவதே ஒரு ஹோட்டலில் தங்கியிருப்பவர்களின் கணக்குகளிலிருந்து ஏய்டனும் அவன் கூட்டாளியும் பணம் உருவுவதில்தான். அதற்குப் பழியாக வந்த தாக்குதலில் அவன் சகோதரியின் மகள், ஆறு வயதுக் குழந்தை, இறந்துபோகிறாள். அந்தத் தொழிலைத்தான் நான் முதல் முறை தெருத் தெருவாகச் செய்திருக்கிறேன்.

நீங்கள் எப்படி விளையாடினீர்கள்? யாரிடம் எடுக்க மாட்டீர்கள்?

பாயான் லெப்பாஸிலிருந்து

அண்ணே, நான் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து விளையாடுகிற ஆள், சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் பாகத்தில், 2016-இல் வந்தது, ஏடிஎம் நடையே கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர் கணக்கைத் தொட்டால் காசு நேராக நம் கணக்கில் விழும். ஆயுதம் வேண்டுமென்றால் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுக்கலாம், அதற்குக் காசு நிறைய வேண்டும். ஊருக்குள் பணப்பைகள் ஒளித்து வைத்திருப்பார்கள். கூரை மேல், வேலிக்குள் எல்லாம் இருக்கும். ட்ரோனை விட்டுத் தேடி எடுங்கள், யார் வயிற்றிலும் அடிக்க வேண்டாம். நான் அப்படித்தான் முடித்தேன்.

2020-இல் வந்த மூன்றாம் பாகம், லீஜன், இன்னும் வேறு. லண்டனில் ஈடிஓ என்ற மின்னியல் நாணயம். அதைத் துணிமணிக்குச் செலவு செய்யலாம், கருவிகளை மேம்படுத்த தனிப் புள்ளிகள் இருக்கின்றன. அதனால் காசு இல்லையே என்று கவலைப்பட ஒன்றுமில்லை. அதோடு, தெருவில் போகிற யாரையும் நம் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம். இன்று கணக்கில் கை வைத்த ஆள் நாளைக்கு நம் ஆளாகிவிடலாம் என்று நினைத்ததுமே அந்தப் பழக்கத்தை விட்டேன்.

பட்டர்வொர்த்திலிருந்து

தம்பி, உங்கள் அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் மேல் தப்பு ஒன்றுமில்லை.

நான் கணக்கு எழுதுகிற வேலையில் இருப்பவள். எனக்குப் பிடித்தது பேப்பர்ஸ், ப்ளீஸ் என்ற விளையாட்டு. 2013-இல் வந்தது. 1982-இல் நடக்கும் கதை, கற்பனை நாடான ஆர்ஸ்டோட்ஸ்காவின் எல்லையில் நீங்கள் கடப்பிதழ் பார்க்கும் அதிகாரி. ஓர் ஆளைச் சரியாகச் சோதித்து அனுப்பினால் 5 கிரெடிட். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து அபராதம். மாலையானால் வீட்டுக் கணக்கு: வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு, யாராவது படுத்தால் மருந்து.

அதில் என் அனுபவம் ஒன்று. ஒரு ரகசியக் கூட்டம் கதவடியில் ஆயிரம் கிரெடிட் வைத்துவிட்டுப் போகும். நான் எடுத்துக்கொண்டேன். இனி பிழைத்தோம் என்று நினைத்தேன். சில நாளில் அக்கம்பக்கத்தார் ‘இவர்களுக்கு ஏது இவ்வளவு காசு’ என்று புகார் கொடுக்க, சேமிப்பு மொத்தமும் பறிபோனது. எனக்கு ஆச்சரியமே இல்லை. நிபோங் திபால் பக்கத் தோட்டத்தில் லயத்து வீட்டில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் கோழி வாங்கினால் வாசம் போவதற்கு முன்னால் விஷயம் கடைசி வீட்டுக்குப் போய்விடும். அம்மா அதனால்தான் கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) எடுத்த மாதத்தில் எதுவுமே வாங்க மாட்டார். கேமரா வேண்டியதில்லை தம்பி, சுவருக்குச் சுவர் காது போதும்.

அந்த விளையாட்டில் நான் மனதாரச் செலவழித்தது ஒரே ஒரு பொருளுக்குத்தான். மகனின் பிறந்தநாளுக்கு கிரேயான் வாங்கிக் கொடுக்கலாம். அன்று கணப்பை விட்டுவிட்டு வாங்கினேன். அவன் ஒரு படம் வரைந்து கொடுத்தான்.

செந்தூலிலிருந்து

அக்கா, நீங்கள் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை, அப்புறம் அந்த அக்கா எந்த ஊர் என்று கேட்டார்.

பேப்பர்ஸ், ப்ளீஸ் வாங்கிவிட்டேன். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா என்று நாலு வாய். மூன்றாம் நாளே காசு போதவில்லை. தேத்தண்ணியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மா திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். யோசிக்கவே இல்லை.

‘இன்னைக்குச் சாப்பாடு போடு, கணப்பை விடு. நாளைக்குக் கணப்பு போட்டுக்கலாம்’ என்றார். இன்றோடு பன்னிரண்டாம் நாள், இன்னும் யாரும் சாகவில்லை.