ரீசெட் பொத்தானில் எழும்பும் கம்ப்யூட்டர்

குடியாத்தத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைதான் முக்கால்வாசி வேலை. போன வைகாசியில் ஒருநாள் காலை கடையைத் திறந்து பவர் பொத்தானை அமுக்கினேன். உள்ளே போனது வெளியே வரவில்லை. கம்ப்யூட்டர் எழும்பியது, உடனே அணைந்தது. நகத்தால் நெம்பிவிட்டு மறுபடி அமுக்கினாலும் அதே கதை.

வேலூரில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். பெட்டியைப் பார்க்காமலே, "எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் டப்பா) மாத்தணும், கொண்டு வாங்க" என்றார்கள். அந்த வெயிலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதை நினைத்தாலே தலை சுற்றியது. காட்பாடியில் பாலிடெக்னிக் படிக்கும் மச்சான் மகனைக் கேட்டேன்.

"எவ்ளோ நேரத்துல அணையுது மாமா?"

எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நாலு செகண்ட்.

"அப்ப பொத்தான்தான் மாட்டிக்கிச்சு. நாலு செகண்ட் விடாம அமுக்கினா ஆஃப் ஆகணும், அதான் ஏற்பாடு. நீங்க அமுக்கிப் புடிச்சிருக்கீங்கன்னு போர்டு நினைக்குது."

பக்கத்து மூடியைக் கழற்றினேன். ஒரு கைப்பிடி தூசி. போர்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'பவர் எஸ்டபிள்யூ' என்று போட்ட பிளக்கை உருவி, அது இருந்த இரண்டு பின்களையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொடச் சொன்னான். ஷாக் அடிக்குமோ என்று கை நடுங்கியது. அங்கே இருப்பது 5 வோல்ட்டுக்கு மேல் போகாதாம். தொட்டேன், ஃபேன் சுற்றியது. அப்புறம் அணையவே இல்லை.

தினமும் ஸ்குரூடிரைவரோடு உட்கார முடியுமா? ரீசெட் பொத்தானும் அமுக்கினால் சேரும், விட்டால் பிரியும் ரகம்தான். அதன் பிளக்கைப் பிடுங்கிப் பவர் பின்களில் செருகிவிட்டேன். பொத்தான் வயருக்குப் பிளஸ், மைனஸ் பேதமில்லை. முன்பக்கச் சின்ன லைட் வயருக்குத்தான் உண்டு. செலவு, காலணா இல்லை.

வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு வாசகர்

ஸ்குரூடிரைவர் வித்தையைப் பழைய பெட்டியில் யாரும் செய்துவிடாதீர்கள். 90களில் வந்த ஏடி ரகத்தில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நாலு வயர் நேராக முன்பக்க சுவிட்சுக்கு வரும். அதில் ஓடுவது வீட்டுக் கரண்ட், 230 வோல்ட். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்காமல் அந்த சுவிட்சைக் கழற்றப் போய், நாற்காலியோடு பின்னால் சாய்ந்தவன் நான். அமுக்கினால் அப்படியே நிற்கும் சுவிட்சும் தடித்த வயரும் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து இன்னொரு வாசகர்

ரீசெட்டும் போனவர்கள் என்ன செய்வது? நான் காலிங் பெல் பொத்தானை மேசையோரம் அடித்து, இரண்டு வயர் இழுத்துவிட்டேன். பெல் பொத்தான்தான் வேண்டும். லைட் சுவிட்ச் போட்டால் நாலு செகண்டில் குடியாத்தத்துக்காரர் கதைதான். அதற்கு முன்னால் பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்பும்போதே திறக்கும் செட்டிங்கில்) 'கரண்ட் வந்ததும் தானே ஆன்' என்று வைத்துப் பார்த்தேன். நம் ஊர் மின்வெட்டுக்கு அது ஒத்துவரவில்லை. ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் வந்து, ஹாலில் அதுவாக எழும்பி உறுமியது. அம்மா திருடன் என்று கத்திவிட்டார்.

மறுபடி குடியாத்தம்

கடைக்கு வருகிறவர்கள் இன்னமும் பெரிய பொத்தானைத்தான் அமுக்கிவிட்டு, "அண்ணா, சிஸ்டம் செத்துப்போச்சு" என்கிறார்கள். அதன்மேல் ஒரு பழைய பத்திரிகைத் துண்டை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.