போர் தண்ணியில வெள்ளை பெட்ஷீட் மஞ்சளாகுது. பிளீச் போட்டா இன்னும் மோசம்

கேகிரி_ஹவுஸ்கீப்பிங்:
கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கம் 32 ரூம் ஹோட்டல், ஹெட் ஹவுஸ்கீப்பர் பொறுப்பு என்னுது. துணி எங்க மெஷின்லயே துவைக்கிறோம், முழுக்க போர் தண்ணி. தண்ணியோட கடினத்தன்மையைக் குறைக்கிற சாஃப்ட்னர் மெஷின் இருக்கு. ஆனாலும் புது பெட்ஷீட் மூணே மாசத்துல பழுப்பாகி சொரசொரன்னு ஆகுது. பிளீச் கூட்டினா மஞ்சள் ஏறுது. ஷவர்ல வெள்ளைப் படிவு வேற. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் கூட்டம் வர்றதுக்குள்ள சரி பண்ணணுங்க.

ஓசூர்_லாண்டரி:
இது ரெண்டு கோளாறுங்க. சொரசொரப்பு கால்சியம், மெக்னீசியத்தால, அதாவது தண்ணியோட கடினத்தன்மையால. பிளீச் போட்டதும் மஞ்சள் ஏறுதுன்னா தண்ணியில இரும்பு இருக்கு. பிளீச் அதைத் துருவாக்கி நூல்லயே படிய வச்சிடும்.

வெள்ளை பக்கெட்ல போர் தண்ணி பிடிச்சு ரெண்டு ஸ்பூன் பிளீச் விட்டு அரை மணி வையுங்க. டீ நிறம் வந்தா இரும்புதான். கடினத்தன்மைக்கு சொட்டு சொட்டா விட்டுப் பார்க்கிற டெஸ்ட் கிட் வாங்குங்க, கரைஞ்ச உப்பு மொத்தத்தையும் காட்டுற டிடிஎஸ் மீட்டர் அதைத் தனியா காட்டாது.

மஞ்சளான துணிக்கு ஆக்ஸாலிக் ஆசிட், லிட்டருக்கு 5 கிராம், வெதுவெதுப்பான தண்ணி, பிளாஸ்டிக் தொட்டி, 20 நிமிஷம். மூணு தடவை நல்லா அலசிட்டு வழக்கம்போல துவைங்க. கையுறை கட்டாயம். அதே தொட்டியில பிளீச் படவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பாத்ரூம் ஆசிடுக்கும் இதே கதைதான், அதனால பேர் எழுதாத பாட்டில் ஒண்ணு கூட டிராலியில இருக்க விடாதீங்க.

நம்ம ஊர் போர் தண்ணியில இருக்கிற ஃபுளோரைடுக்கும் இந்த மஞ்சளுக்கும் சம்பந்தமில்ல. ஆனா சாஃப்ட்னர் அதை எடுக்காது. ரூம் கெட்டிலுக்கு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரோ கேன் தண்ணியோ வையுங்க.

மாடி_சூப்பர்வைசர்:
ஷவருக்கு: 1 லிட்டர் வெந்நீர்ல 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைச்சு பிளாஸ்டிக் கவர்ல ஊத்தி, ஷவர் தலை முங்குற மாதிரி ரப்பர் பேண்ட் போட்டு அரை மணி கட்டி வையுங்க. அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷால துளைகளைத் தேய்ச்சா போதும். கண்ணாடித் தடுப்புல அதையே தெளிச்சு, காயறதுக்குள்ள கழுவணும். மார்பிள் மேல பட்டா பாலிஷ் போயிடும். ஸ்டீல் நார் குரோம் குழாயைக் கீறிடும்.

தண்ணி காயுற இடத்துலதான் உப்பு நிக்கும். ரூம் பையன் வெளிய வர்றதுக்கு முன்னாடி குழாயையும் கண்ணாடியையும் உலர்ந்த துணியால துடைச்சாலே பாதி வேலை மிச்சம்.

தர்மபுரி_லினன்:
ஸ்டாக் எத்தனை செட் மேடம்? சொந்த லாண்டரின்னா கட்டிலுக்கு 3: கட்டில்ல ஒண்ணு, துவைக்க ஒண்ணு, அலமாரியில ஒண்ணு. ஆடிக்கும் முகூர்த்த நாளுக்கும் 4 வேணும், ரூமுக்கு ஒரு கட்டில்னா 128 செட். குறைஞ்சா ஈரம் போகாமலே விரிப்பாங்க, வாடை வந்துடும்.

கல்யாண கோஷ்டி தங்கின ரூம் துணியைத் தனியா பிரிங்க. மஞ்சள்தூள் கறை சோப்பு பட்டதும் சிவக்கும், அதைப் பார்த்து பயந்து பிளீச்சைக் கொட்டுவாங்க. அலசி நல்ல வெயில்ல போட்டா வெளுத்துடும். கறை போகாம இஸ்திரி மட்டும் போடாதீங்க.

கேகிரி_ஹவுஸ்கீப்பிங்:
பக்கெட்ல டீ நிறம் வந்துடுச்சுங்க. இரும்பு ஃபில்டரை சாஃப்ட்னருக்கு முன்னாடி மாட்டணுமா, பின்னாடியா?

ஓசூர்_லாண்டரி:
முன்னாடி. இல்லன்னா சாஃப்ட்னருக்குள்ள கால்சியத்தைப் பிடிக்கிற ரெசின் மணிகள் மேல இரும்பு பூசிக்கும், எவ்வளவு கல் உப்பு போட்டு ரீஜெனரேஷன் (ரெசினைப் புதுப்பிக்கிறது) பண்ணாலும் வேலை செய்யாது. உங்க ரெசின்ல ஏற்கெனவே ஏறியிருக்கும். சர்வீஸ் ஆளை விட்டு ரெசின் கிளீனர் போடச் சொல்லுங்க. அது வரைக்கும் பிளீச்சை நிறுத்திடுங்க.